சைடியா, பிஎச்.டி.யா: சின்னப் பள்ளிக்குப் போனவளின் கணக்கு

தம்பி மகள் போன மாதம் கலிஃபோர்னியாவின் ஃபிரீமான்ட்டிலிருந்து போன் செய்தாள். மனநலச் சிகிச்சைக்கான கிளினிக்கல் சைக்காலஜி மேல்படிப்பில், சைடி என்ற டாக்டர் பட்டத்துக்கு, எந்தப் பல்கலைக்கழகத்தையும் சேராத ஒரு சின்னத் தனிப் பள்ளியில் இடம் கிடைத்துவிட்டது. பிஎச்.டி.க்கு விண்ணப்பித்த பல்கலைக்கழகங்கள் எல்லாமே கையை விரித்துவிட்டன. "இதுல சேர்ந்துடவா அத்தை? இல்ல ரெண்டு வருஷம் ஏதாவது லேப்ல வேலை பார்த்துட்டு மறுபடியும் பிஎச்.டி.க்குப் போடவா?"

2015இல் நானும் இதே கேள்வியோடுதான் உட்கார்ந்திருந்தேன். கடைசியில் சின்னப் பள்ளியில் சேர்ந்தேன். அதனால் என் தராசு எந்தப் பக்கம் சாயும் என்று யாரும் யோசிக்க வேண்டியதில்லை.

எல்லோருக்கும் தெரிந்ததைச் சட்டென்று சொல்லிவிடுகிறேன். ஆராய்ச்சியும் சிகிச்சையும் கலந்தது பிஎச்.டி. 1949இல் கொலராடோவின் போல்டர் நகரில் கூடிய மாநாடு வகுத்த வழி அது. சிகிச்சையை முன்னால் வைப்பது சைடி எனப்படும் டாக்டர் ஆஃப் சைக்காலஜி. 1968இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் தொடங்கி, 1973இல் அதே கொலராடோவின் வெய்ல் மாநாட்டில் ஒப்புதல் பெற்றது. இரண்டுக்கும் லைசென்ஸ் ஒன்று, தேர்வு ஒன்று. கலிஃபோர்னியாவில் மேற்பார்வையின் கீழ் 3,000 மணி நேரம் வேலை பார்க்க வேண்டும் என்ற விதியும் ஒன்றே. சிகிச்சைக்கு வருபவர் உங்கள் பட்டத்தில் எத்தனை எழுத்து என்று எண்ணிப் பார்ப்பதில்லை.

பிஎச்.டி.யின் பெரிய பலம் பணம். பெரும்பாலும் கட்டணம் கிடையாது, மாதாமாதம் உதவித்தொகையும் வரும். ஆண்டுக்குப் பத்துப் பேர்கூடச் சேர்க்காத துறைகள் உண்டு, அதனால் ஒரு பேராசிரியரின் கைப்பிள்ளையாக வளரலாம். சென்னையில் என்னோடு படித்த தோழி அப்படித்தான் போனாள். ஏழு வருடம் ஆனது, கடன் ஒரு டாலர் இல்லை. அந்தப் பக்கத்தைப் பற்றி நான் அறிந்ததெல்லாம் அவள் வாய்வழி வந்ததுதான். ஆராய்ச்சிதான் வாழ்க்கை என்று இருப்பவர்கள் இந்தக் கட்டுரையை இத்தோடு மூடிவிட்டுப் பிஎச்.டி.க்கே முயலலாம்.

தனிப் பள்ளிகளின் கதை வேறு. எந்தப் பல்கலைக்கழகத்தோடும் ஒட்டாத இவை கலிஃபோர்னியாவில் அறுபதுகளின் கடைசியில் முளைத்தன. பெர்க்லியில் ரைட் இன்ஸ்டிடியூட்டை 1968இல் தொடங்கிய நெவிட் சான்ஃபோர்ட், 1950இல் 'நான் கம்யூனிஸ்ட் இல்லை' என்று உறுதி தரச் சொன்ன விசுவாசப் பிரமாணத்தில் கையெழுத்துப் போட மறுத்து, அதே ஊர்ப் பல்கலைக்கழகத்தில் வேலையை இழந்தவர். நான் படித்தது அங்கே இல்லை. ஆனாலும் பல்கலைக்கழகத்தோடு முறைத்துக்கொண்டு வெளியே வந்தவர் நட்ட மரம் என்பதில் எனக்கு ஒரு குட்டி சந்தோஷம்.

என் பள்ளியில் நூலகம் என்பது ஓர் அறை. கடன் உதவிக்கு இருந்தது ஒரே ஓர் அம்மா, அவர் லீவு போட்டால் அந்த வாரம் அவ்வளவுதான். ஆனால் பாடம் நடத்தியவர்கள் பகலில் நோயாளிகளைப் பார்த்துவிட்டு மாலையில் வகுப்புக்கு வருகிறவர்கள். முதல் வருடமே ஓக்லாந்தில் ஒரு குறைந்த கட்டண கிளினிக்கில் உட்கார வைத்துவிட்டார்கள். வாரம் ஒரு முறை எட்டுப் பேர் வட்டமாக உட்கார்ந்து எங்களில் ஒருவர் நடத்திய சிகிச்சையின் ஒலிப்பதிவைக் கேட்போம். என் முறை வந்தபோது மேற்பார்வையாளர் நாலாவது நிமிடத்தில் பதிவை நிறுத்தி, "இங்கே ஏன் சிரித்தாய்?" என்று கேட்டார். எதிரில் இருந்தவர் அழப் போகிறார் என்று தெரிந்து நான் சிரித்துச் சமாளித்திருந்தேன். அந்த ஒரு கேள்வியில் கற்றது எனக்கு எந்தப் புத்தகத்திலும் கிடைக்கவில்லை. தோழி இதே மாதிரி ஓர் அறையில் உட்காரும்போது அவளுக்கு மூன்றாவது வருடம்.

சரி, பலவீனத்துக்கு வருவோம். என் அனுபவத்தில் முடிவு செய்ய வேண்டிய விஷயம் ஒன்றே ஒன்றுதான்: இன்டர்ன்ஷிப்.

பட்டம் கிடைக்கும் முன் ஓர் ஆண்டு முழுநேர இன்டர்ன்ஷிப் முடித்தாக வேண்டும். மாணவர் இடங்களை வரிசைப்படுத்துவார், இடங்கள் மாணவர்களை வரிசைப்படுத்தும், கணினி பொருத்திப் பிப்ரவரியில் முடிவு சொல்லும். கிட்டத்தட்ட பெண் பார்க்கும் படலம்தான், ஜாதகம் பார்ப்பது மட்டும் கணினி. பல்கலைக்கழக மாணவர்கள் பெரும்பாலும் ஏ.பி.ஏ., அதாவது அமெரிக்க உளவியல் சங்கம், அங்கீகரித்த இடத்துக்குப் போய்விடுவார்கள். தனிப் பள்ளிகளில் அது பள்ளிக்குப் பள்ளி மாறும். எங்கள் வகுப்பில் சிலருக்கு முதல் சுற்றில் எதுவும் அமையவில்லை. அவர்கள் காபிக் என்ற கலிஃபோர்னிய அமைப்பின் வழியாக அரைநேர இன்டர்ன்ஷிப்பை இரண்டு ஆண்டாக இழுத்துச் செய்தார்கள். சம்பளம் சொற்பம், சிலருக்கு அதுவும் இல்லை. கலிஃபோர்னிய லைசென்ஸுக்கு அந்த மணிநேரம் செல்லும். ஆனால் முன்னாள் படைவீரர் மருத்துவமனைகள் பொதுவாக அங்கீகரித்த இன்டர்ன்ஷிப்பைத்தான் கேட்கும். வேறு மாநிலத்துக்குக் குடிபோனாலும் இடிக்கலாம்.

அதனால் விளம்பரப் புத்தகத்தில் "அனைவருக்கும் இன்டர்ன்ஷிப் கிடைத்தது" என்று இருந்தால் மயங்காதீர்கள். ஏ.பி.ஏ. அங்கீகாரம் பெற்ற ஒவ்வொரு பள்ளியும், பல்கலைக்கழகத் துறையும், ஓர் அட்டவணையை வெளியிட்டே ஆக வேண்டும். எத்தனை வருடத்தில் முடிக்கிறார்கள், எவ்வளவு செலவு, எத்தனை பேர் பாதியில் விட்டார்கள், எத்தனை பேர் லைசென்ஸ் வாங்கினார்கள் என்று எல்லாம் அதில் இருக்கும். இன்டர்ன்ஷிப் பகுதியில் அங்கீகரித்த இடம் எத்தனை, சம்பளம் உள்ளது எத்தனை, அரைநேரம் எத்தனை என்று தனித்தனி வரிகள் உண்டு. அங்கீகரித்த இடத்துக்கான வரியை மட்டும் வருடவாரியாகப் படியுங்கள். நான் ஒதுக்கிய இரண்டு பள்ளிகளை அந்த வரிக்காகத்தான் ஒதுக்கினேன். அங்கீகாரமே இல்லாத பள்ளியில் அட்டவணையைத் தேட வேண்டாம், பள்ளியையே விட்டுவிடலாம்.

அப்புறம் பணம். எனக்கு நான்கு ஆண்டுக் கட்டணம் மட்டும் 1,60,000 டாலரைத் தாண்டியது. முழுக்க அரசுக் கடன். பொதுநலச் சேவையில் 120 தவணை கட்டினால் மீதி தள்ளுபடி என்ற திட்டத்தை நம்பி, லாப நோக்கற்ற கிளினிக்கில் இருக்கிறேன். இந்தக் கணக்கை இன்று அப்படியே எடுத்துப் போடக் கூடாது. 2026 ஜூலை 1 முதல் புதிதாகக் கடன் வாங்குபவர்களுக்கு முழுச் செலவுக்கும் ஈடுகொடுத்த கிராட் பிளஸ் என்ற அரசுக் கடன் கிடையாது, மற்ற அரசுக் கடன்களுக்கும் புது உச்சவரம்பு வந்துவிட்டது. மீதியை வங்கியில் வாங்க வேண்டும் என்றால் நானே தயங்குவேன். பள்ளியின் நிதிநிலையையும் விசாரியுங்கள். ஆர்கோசி என்ற பெரிய தனியார் கல்வி நிறுவனமே 2019 மார்ச்சில் படிப்பு நடக்கும்போதே இழுத்து மூடியது.

இதையெல்லாம் சொல்லி, அட்டவணையில் அந்த வரி நன்றாக இருந்து, கடன் உச்சவரம்புக்குள் அடங்கினால் சேர்ந்துவிடு, ரெண்டு வருடம் காத்திருக்க வேண்டாம் என்றேன். மறுநாள் அட்டவணையை அனுப்பியிருந்தாள். "அத்தை, ஒரு வருஷத்துல மட்டும் அரைநேரம்னு ஆறு பேர் இருக்காங்களே, ஏன்?" எனக்கெப்படித் தெரியும், பள்ளியைக் கேள் என்றேன். மெயில் போட்டிருக்கிறாள். பதிலைப் பார்த்துவிட்டுத்தான் முன்பணம் கட்டப் போகிறாளாம்.