பெரிய விமானமா, சின்ன விமானமா: கட்டுநாயக்கவில் இருந்து ஒரு கணக்கு

பெரிய விமானம் என்றால் ஆசனத்துக்கான செலவு குறையும், அதனால் லாபம் என்று கொழும்பில் யாரோடு கதைத்தாலும் சொல்கிறார்கள். ஆசனம் நிறைந்தால் சரி. நிறையாவிட்டால் பறப்பின் மொத்தச் செலவும் அப்படியே கொம்பனியின் தலையில் விழும்.

ஸ்ரீலங்கன் எயார்லைன்ஸின் இரண்டு எயார்பஸ் விமானங்களையே எடுப்போம். ஏ330-300 இல் 297 ஆசனம், ஏ321நியோவில் 188. சென்னைக்கு ஒரு நேரத்தில் 180 பேர் போகிறார்கள் என்று வையுங்கள்: நியோ கிட்டத்தட்ட நிறைந்துவிடும், ஏ330 இல் 117 ஆசனம் காலி. இரண்டுக்கும் இரண்டு என்ஜின், இரண்டு விமானிகள்தான், ஆனால் நியோவின் உச்ச எடை 97 டன், மற்றதற்கு 240 டன் அளவு. எரிபொருளும் தரையிறங்கும் கட்டணமும் எடையோடு ஏறுகிறவை. ஆஸ்பத்திரிக்கும் கல்யாணச் சேலை எடுக்கவும் போகிற நம் ஆட்களுக்குக் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று இருப்பதுதான் வசதி. சென்னைக்குச் சின்னதுதான், எனக்கு இதில் சந்தேகமே இல்லை.

லண்டன் வேறு கதை. சாதாரண நியோ அவ்வளவு தூரம் போகாது. ஹீத்ரோவில் ஆண்டுக்கு 480,000 பறப்புகள்தான் உச்சவரம்பு, இறங்க நேரம் கிடைப்பதே அரிது, கிடைத்த ஒன்றில் முடிந்தவரை ஆட்களை ஏற்றத்தான் வேண்டும். அப்புறம் பலர் மறந்துவிடுகிற விஷயம், கீழே போகும் சரக்கு. ஏ330-300 இன் வயிற்றில் 32 கொள்கலன் வைக்கலாம், ஏ321 இல் உயரம் குறைந்த 10 தான். பயணப் பெட்டிகள் போக மிச்ச இடத்தில் நம் தைத்த ஆடைகளும் ஐஸில் வைத்த மீனும் போகும், மேலே சில ஆசனம் காலியாக இருந்தாலும் அந்தக் காசு கைகொடுக்கும்.

சரி, இன்னும் பெரிய ஏ380? நாலு என்ஜின், 575 டன். பல நாட்டுப் பயணிகளை டுபாயில் சேர்த்து ஏற்றுகிற எமிரேட்ஸுக்கு அது பொருந்துகிறது. எயார் பிரான்ஸ் 2020 இல் கைவிட்டது, 2021 இல் 251ஆவது விமானத்தோடு உற்பத்தியே நின்றது. கொழும்பிலிருந்து அதை நாள்தோறும் நிரப்ப ஆளில்லை.

ஏ350 என்ற பெரிய எயார்பஸ் விமானங்களுக்கான ஒப்பந்தத்தை 2016 இல் ரத்துச் செய்து இழப்பீடு கட்டியது நம் அரச விமான சேவை. அடுத்த முறை கையெழுத்து வைக்கிறவர்கள் டிசம்பர் மாதப் பயணிகள் நெரிசலைக் காட்டாமல், சுற்றுலாப் பயணிகள் குறைகிற மே, ஜூன் மாதக் கணக்கை மேசையில் வைக்கட்டும்.