காய்கறி, பன்னீர் சாலட்டும் வார்ப்பிரும்பு கிரில் தவாவும்: நீண்டகாலப் பயன்பாட்டு அனுபவம்

மேடும் பள்ளமுமாக வரியோடிய வார்ப்பிரும்பு கிரில் தவா ஒன்றைப் பல ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறேன். அதில் நான் அடிக்கடி செய்வது சுட்ட காய்கறிகளும் பன்னீரும் சேர்ந்த சாலட். இந்தத் தவா எதற்கு உகந்தது, எதற்கு உகந்ததல்ல என்பதை அந்த ஒரு பதார்த்தத்தை வைத்தே சொல்லிவிட முடியும்.

வார்ப்பிரும்பில் சூடு மெதுவாகத்தான் பரவும். ஆனால் ஏறிய சூடு எளிதில் இறங்காது. மெல்லிய நான்ஸ்டிக் தவாவில் காய்த் துண்டுகளை அடுக்கியதும் சூடு சட்டெனக் குறைந்து, காய் தான் விட்ட தண்ணீரிலேயே வெந்து துவண்டுவிடும். வார்ப்பிரும்பில், ஒரேயடியாக நிரப்பாமல் இடைவெளி விட்டு அடுக்கினால், அப்படி ஆவதில்லை. மிதமான தீயில் ஏழெட்டு நிமிடம் காயவிட வேண்டும். ஒரு சொட்டுத் தண்ணீர் தெளித்தால் அது திரண்டு உருண்டு ஓடுவதுதான் சரியான பதம். காயில் பொன்னிறமும் சுட்ட மணமும் ஏற, அதன் மேற்பரப்பு ஏறத்தாழ 140 டிகிரி செல்சியஸைத் தாண்டியாக வேண்டும்; ஈரம் இருக்கும் வரையில் அது 100 டிகிரியை ஒட்டியே நின்றுவிடும். ஆதலால் நறுக்கிய காயைத் துணியால் ஒற்றி உலர்த்துவது இந்தச் சாலட்டில் பாதி வேலை என்பேன். எண்ணெயைத் தவாவில் ஊற்றினால் பள்ளங்களில் தேங்கிக் கருகிப் புகையும். காயின் மேல் தடவுவதே முறை.

கத்தரிக்காயில்தான் இந்தத் தவாவின் அருமை முழுமையாகத் தெரிகிறது. பெரிய கத்தரிக்காயை ஒரு சென்டிமீட்டர் பருமனில் வட்டமாக நறுக்கி, உப்புத் தூவி அரை மணி நேரம் வைத்தால், வெட்டிய பரப்பெங்கும் நீர் முத்து முத்தாகத் துளிர்க்கும். அதை ஒற்றியெடுத்துவிட்டுச் சுட்டால் சதை எண்ணெயை உறிஞ்சித் தள்ளுவதில்லை. மேட்டில் படும் இடம் கருவரியாகச் சுட, கசியும் நீர் பள்ளத்தில் இறங்கி ஆவியாகிவிடுவதால், ஓரம் மொறுமொறுப்பாகவும் நடுப்பகுதி வெண்ணெய் போலவும் அமைகிறது. குடைமிளகாயைத் தோல் பக்கம் கீழே இருக்குமாறு வைத்து, தோல் கொப்பளிக்கும் வரை அசைக்காமல் விட வேண்டும். வெங்காயத்தை வேர்ப்பகுதி நீக்காமல் நான்காகப் பிளந்தால் இதழ்கள் உதிர்வதில்லை. சுக்கினிக்கும் காளானுக்கும் தனிப் பக்குவம் ஏதும் தேவையில்லை.

பன்னீர் விஷயத்தில் என் கருத்து வேறு. வரித்தவாவில் மேடுகள் மட்டுமே பன்னீரைத் தொடுகின்றன. கோடுகள் பார்வைக்கு அழகாக இருந்தாலும், இடைப்பட்ட பரப்பு வெள்ளையாகவே நின்றுவிடுகிறது. நன்கு பழகிய தட்டையான தோசைக்கல்லில் சுட்டால் முழுப் பரப்பும் ஒரே சீராகச் சிவந்து, கடிக்கும்போது மேலே மொறுமொறுப்பும் உள்ளே மென்மையும் கிடைக்கின்றன. சாலட்டுக்குச் சுவைதான் முக்கியம் என்பதால், இப்போது காய்களை வரித்தவாவிலும் பன்னீரைத் தோசைக்கல்லிலும் சுடுகிறேன். பாலைக் கொதிக்கவிட்டுப் புளிப்புச் சேர்த்துத் திரித்து எடுப்பதால் பன்னீர் எவ்வளவு சூட்டிலும் உருகி வழியாது. ஆனால் அதற்கென்று உப்பு கிடையாது. 200 கிராம் பன்னீரைத் துண்டுகளாக்கி, வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் இருபது நிமிடம் போட்டெடுத்து உலர்த்திச் சுட்டால் சப்பென்று இருக்காது.

சைப்ரஸ் தீவின் ஹலூமியும் உருகாத பாலாடைக்கட்டிதான். 2021-இல் ஐரோப்பிய ஒன்றியம் அந்தப் பெயருக்குப் பிறப்பிடப் பாதுகாப்பு வழங்கியது; அதாவது, சைப்ரஸில் தயாரானதை மட்டுமே அங்கு அந்தப் பெயரில் விற்கலாம். அது உப்புநீரில் ஊறியே வருவதால், அதைச் சேர்க்கும் நாளில் காய்களுக்கும் சாலட்டில் சேர்க்கும் எலுமிச்சைக் கலவைக்கும் உப்பைக் குறைத்துக்கொள்ள வேண்டும். மொசரெல்லா இந்தத் தவாவுக்கு ஏற்றதல்ல. உருகிப் பள்ளங்களில் ஒட்டிக்கொள்ளும்.

இரண்டு மேசைக்கரண்டி எண்ணெய், ஒரு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு, நசுக்கிய பூண்டு, இடித்த மிளகு, கிள்ளிய புதினா ஆகியவற்றைக் கலந்து, காய்கள் சூடாக இருக்கும்போதே கிண்ணத்தில் சேர்த்துப் பிரட்டினால் சுவை உள்ளே இறங்கும். தவாவிலேயே எலுமிச்சை பிழியக் கூடாது. புளிப்பு, தவாவில் படிந்த எண்ணெய்ப் படலத்தை அரித்து இரும்பு வாடையை ஏற்றிவிடும்.

பராமரிப்பில் இது தோசைக்கல்லைவிடக் கூடுதல் உழைப்பு கேட்கும். வெதுவெதுப்பாக இருக்கும்போதே வெந்நீர் ஊற்றி, தேங்காய் நாரும் கல்லுப்பும் கொண்டு வரிவரியாகத் தேய்க்க வேண்டும். கொதிக்கும் தவாவில் குளிர்ந்த நீர் பட்டால் விரிசல் விழக்கூடும். பின்பு அடுப்பில் வைத்து ஈரம் போக உலர்த்தி, மெல்லிய எண்ணெய்ப் பூச்சுக் கொடுத்து வைத்தால் துரு அண்டாது. புகை போக்கும் விசிறி இல்லாத அடுக்ககச் சமையலறைக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டேன். பன்னீர் சுடுவதற்காக மட்டும் வாங்க நினைப்பவர்களுக்கு வீட்டிலுள்ள தோசைக்கல்லே போதும். கத்தரிக்காயும் குடைமிளகாயும் அடிக்கடி சுடுபவர்கள் தாராளமாக வாங்கலாம். எடை மணிக்கட்டை வருத்தும் என்பதால், நீண்ட கைப்பிடிக்கு எதிர்ப்புறம் சிறு பிடியும் உள்ளதாகத் தேர்ந்தெடுப்பது நல்லது.