"எந்த விலங்கும் நுழையாது" என்று விற்கப்படும் கோழிக்கூடு: பணம் கட்டும் முன் வலையைப் பிடித்துத் தள்ளிப் பாருங்கள்

ஆயத்தக் கோழிக்கூடு வாங்கும் எண்ணம் இருப்பவர்கள் முன்பணம் அனுப்புவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். பகலில் மேயவிட்டு இரவில் அடைக்கும் கோழிகளுக்காக, "நாய், நரி, மரநாய் எதுவும் நுழைய முடியாது" என்ற விளம்பரத்தை நம்பி நான் வாங்கிய கூடு ஒரே இரவில் பிய்ந்துபோனது. உள்ளே அடைந்திருந்தவற்றில் பாதிக்கு மேல் செத்துவிட்டன. விற்றவரோ, நான் கதவைத் திறந்து போட்டிருப்பேன் என்று சாதிக்கிறார்.

கதவு மறுநாள் காலையிலும் தாழிட்டபடியேதான் இருந்தது. போனது பக்கவாட்டு வலையின் கீழ் மூலை. அங்கே வலை உள்நோக்கி மடிந்து கிடந்தது. சட்டத்தில் அடித்திருந்த ஸ்டேப்ளர் பின்கள் மரச்சிராயோடு பெயர்ந்து வந்திருந்தன. அறுந்த கம்பி நுனியில் பழுப்பு முடி கொத்தாகச் சிக்கியிருந்தது. வெளியே ஈர மண்ணில் நகம் பதிந்த காலடிகள். பூனை இனம் நடந்தால் பெரும்பாலும் நகம் பதியாது. செத்த கோழிகளில் ஒன்றைக்கூடத் தின்றிருக்கவில்லை, கழுத்திலும் முதுகிலும் குதறிப் போட்டிருந்தது. நரி என்றால் ஒன்றிரண்டையாவது தூக்கிக்கொண்டு போயிருக்கும். கொன்றதை அப்படியே போட்டுவிட்டுப் போவது பெரும்பாலும் நாயின் வேலை.

இவ்வளவையும் படம் எடுத்து அனுப்பினேன். முதலில் பதில் இல்லை. பிறகு, "நீங்கள் சரியாகத் தாழ் போட்டிருக்க மாட்டீர்கள்" என்று ஒரு வரி. தாழிட்ட கதவின் படத்தையே அனுப்பியபோது உத்தரவாதச் சீட்டைப் படித்துப் பார்க்கச் சொன்னார். படித்தேன். மரம் உளுத்துப்போனால் மட்டும்தான் உத்தரவாதம். "விலங்குகளால் ஏற்படும் சேதத்துக்குப் பொருந்தாது" என்று கடைசியில் பொடி எழுத்தில் இருந்தது. எந்த விலங்கும் நுழையாது என்று சொல்லி விற்ற பொருளுக்கு இப்படி ஒரு சீட்டு! அதைக் கூட்டோடு கட்டித்தான் அனுப்புகிறார்கள், பணம் கட்டும் முன் காட்டுவதில்லை. நீங்கள் முன்கூட்டியே கேட்டு வாங்கிப் படியுங்கள். தர மறுத்தால் அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கூட்டில் இருந்தது அறுகோணக் கண் கொண்ட மெல்லிய கோழிவலை. கோழி வெளியே போகாமல் தடுக்க அது போதும். வெளியிலிருந்து வருவதைத் தடுக்க அது செய்யப்படவே இல்லை. கம்பிகள் ஒன்றோடொன்று முறுக்கப்பட்டிருக்குமே தவிர, பற்றவைக்கப்பட்டிருக்காது. வலுவான நாய் ஓரிடத்தில் பல் வைத்து இழுத்தால் முறுக்கு பிரிந்து கண் பெரிதாகிவிடும். ஓர் அங்குலக் கண்ணில் எலியும் பாம்பும் சாதாரணமாக நுழைந்துவிடும். குஞ்சுகள் இருந்தால் பெருச்சாளியையும் கணக்கில் வைக்க வேண்டும். இரவுக் கூட்டுக்கு வேண்டியது அரை அங்குலச் சதுரக் கண் கொண்ட, பற்றவைத்த, துத்தநாகம் பூசிய கம்பிவலை. விலை கூடத்தான் செய்யும். அந்த வித்தியாசத்தில்தான் இந்த வியாபாரிகள் லாபம் பார்க்கிறார்கள்.

வலையை விட மோசம், அதைப் பொருத்தியிருந்த விதம். வெளியிலிருந்து பார்க்கச் சட்டம் அழகாகத் தெரிய வேண்டும் என்பதற்காக வலையைச் சட்டத்தின் உட்புறத்தில் அடித்திருந்தார்கள். நாய் வெளியிலிருந்து தள்ளும்போது முழு விசையும் பின்களை மரத்திலிருந்து பிடுங்கும் திசையில்தான் போகும். அதே வலை வெளிப்புறத்தில் இருந்திருந்தால் தள்ளத் தள்ளச் சட்டத்தின் மேல் அழுந்தி நின்றிருக்கும். அதிலும் அந்தப் பின்களின் கால்கள் நகக்கணு நீளம்கூட இல்லை. வாஷர் போட்ட திருகாணியோ, வலையின் விளிம்பு மேல் ஒரு ரீப்பரை (மெல்லிய மரப்பட்டியை) வைத்துத் திருகுவதோ பெரிய செலவு இல்லை. கடையில் நிற்கும் கூட்டின் முன் குத்துக்கால் இட்டு உட்கார்ந்து, கீழ் மூலையில் உள்ளங்கையை வைத்து நன்றாகத் தள்ளுங்கள். விற்பவர் பதறினால் அதுவே பதில்.

"பன்னிரண்டு கோழிகளுக்கு" என்றதும் பொய். தரை நான்குக்கு மூன்றடி. பகல் முழுக்க வெளியே மேயும் கோழிக்கும் இரவில் 2 முதல் 4 சதுர அடி இடம் வேண்டும். உட்காரும் கம்பில் ஒவ்வொன்றுக்கும் 8 முதல் 10 அங்குலம் வேண்டும். அந்தக் கூட்டில் இருந்த ஒரே கம்பு மூன்றடி, நான்கு கோழிகள் நெருக்கி உட்காரலாம். மிச்சமெல்லாம் முட்டைப் பெட்டிக்குள் படுத்து எச்சமிட்டன, ஏனென்றால் பெட்டி கம்பை விட உயரத்தில் வைக்கப்பட்டிருந்தது. கோழி அடையும்போது இருப்பதில் உயரமான இடத்தைத்தான் தேடும் என்பது கோழி வளர்த்த யாருக்கும் தெரியும். இதை வடிவமைத்தவர் கோழியையே பார்த்ததில்லை என்றுதான் நினைக்கிறேன். கூரையை ஒட்டிக் காற்றுத் துளைகளும் இல்லை. காலையில் கதவைத் திறந்தால் அம்மோனியா நெடி மூக்கில் ஏறும். நமக்கே அப்படி என்றால், இரவெல்லாம் அதைச் சுவாசிக்கும் கோழியின் கண்ணும் நுரையீரலும் என்ன ஆகும்!

பிழைத்த கோழிகள் பட்ட பாட்டையும் சொல்ல வேண்டும். ஒரு பெட்டைக்கு முதுகுத் தோல் கிழிந்து தொங்கியது. ரத்தத்தைக் கண்டால் மற்ற கோழிகள் கொத்தத் தொடங்கிவிடும் என்பதால் அதை உடனே தனியே பிரித்து, உப்புநீரால் காயத்தைக் கழுவி, ஈ மொய்க்காத இடத்தில் வைத்தோம். கடித்த காயம் மேலே சிறிதாகத் தெரிந்தாலும் உள்ளே ஆழமாக இருக்கும், அதனால் கால்நடை மருத்துவரிடம் காட்டினோம். தேறிவிட்டது. முட்டையிட்டுக்கொண்டிருந்தவை நிறுத்திவிட்டன. அந்தக் கூட்டுக்குள் போகவே மறுத்து, இருட்டும் முன் மரமேறின. அடித்துப் பழகிய விலங்கு அதே இடத்துக்குத் திரும்பி வரும். அதனால் முதல் வேலையாகக் கோழிகளை இருட்டியதும் மெல்ல இறக்கி, கல் சுவர் உள்ள அறையில் அடைத்தோம். உங்களுக்கு இப்படி நேர்ந்தால் அன்றே மாற்றிடம் பாருங்கள். மூலையைக் கயிற்றால் கட்டிவிட்டு அதே கூட்டில் அடைக்காதீர்கள்.

இதே போன்ற கூடு ஏற்கெனவே உங்கள் வீட்டில் இருந்தால் தூக்கிப்போட வேண்டியதில்லை. பழைய வலைக்கு மேல், வெளிப்புறத்தில், அரை அங்குலச் சதுர வலையை ரீப்பர் வைத்துத் திருகுங்கள். சுவரடியிலிருந்து வெளிநோக்கி ஒன்றரை அல்லது இரண்டடி அகலத்துக்கு வலையைத் தரையில் விரித்து, முளையடித்து மண் போட்டு மூடுங்கள். தோண்டும் விலங்கு சுவரை ஒட்டித்தான் தோண்டத் தொடங்கும், வலை காலில் பட்டதும் பெரும்பாலும் விட்டுவிடும். சுழலும் மரக்கட்டைத் தாழை எடுத்துவிட்டுப் பூட்டு மாட்டக்கூடிய இரும்புத் தாழ்ப்பாள் போடுங்கள். கூரைக்குக் கீழே காற்றுத் துளை வெட்டி அதையும் வலையால் மூடுங்கள். முட்டைப் பெட்டியைக் கம்புக்குக் கீழே இறக்குங்கள். கூரையில் தார்த்தாள் ஒட்டியிருந்தால் உரித்துத் தகரம் போடுவது நல்லது. இரவில் ரத்தம் குடித்துவிட்டுப் பகலில் ஒளியும் செந்நிற உண்ணிக்கு அந்தத் தாளின் அடியை விட வசதியான இடம் வேறு கிடைக்காது.

பணத்தைத் திருப்பிக் கேட்டு எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுத்திருக்கிறேன். விளம்பரத்தின் படம், உத்தரவாதச் சீட்டு, கூடு வந்த அன்று எடுத்த படங்கள், ரசீது எல்லாம் கையில் இருக்கின்றன. அதே கூடு இப்போது வேறு பெயரில், வேறு வண்ணத்தில் விளம்பரத்தில் வருகிறது. அடையாளம் சொல்கிறேன்: சட்டத்தின் உட்புறத்தில் அறுகோண வலை, கதவில் சுழலும் மரக்கட்டை, கம்பை விட உயரத்தில் முட்டைப் பெட்டி. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் மூன்றும் தெரியும்.