லேப்ல ரத்தம் கொடுத்தா பில்லை வரி வரியாப் பாருங்க

மார்த்தாண்டம் பக்கம் இருக்கிறவங்க கவனிங்க. அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷனுக்கு முன்னாடி சுகரும் எச்பிஏ1சியும் (மூணு மாச சராசரி சுகர்) பார்க்கச் சொல்லி டாக்டர் சீட்டு கொடுத்தார். ஒரு தனியார் லேப்ல ரத்தம் கொடுத்தோம். சாயந்தரம் வந்த ரிப்போர்ட்ல எச்ஐவி, மஞ்சள் காமாலை பி டெஸ்டும் சேர்ந்திருக்கு. பில்லுல அதுக்கும் காசு போட்டிருக்காங்க. போதாததுக்கு, வாங்கப் போன ஆட்டோக்கார அண்ணன் கையில கவர்கூட இல்லாம அந்தத் தாளைக் கொடுத்து விட்டிருக்காங்க.

காரணம் இதுதான். ரத்தம் எடுத்த பிள்ளை கையில கிளவுஸ் இல்லை. எடுத்த ஊசிக்குத் திரும்ப மூடி போடப் போய் விரல்ல குத்திட்டு. அம்மாதான் பார்த்துட்டு, "குத்திச்சா மக்ளே?"ன்னு கேட்டாங்க. அது முதலாளி ரூம் பக்கம் ஒரு தடவை பார்த்துட்டு, "ஒண்ணுமில்லம்மா"ன்னுச்சு.

மறுநாள் போய்க் கேட்டேன். "எங்க ஸ்டாஃப் பாதுகாப்புக்குப் பார்த்தது சார். நெகட்டிவ்தானே, பிறகென்ன?"ன்னார் முதலாளி.

அந்தப் பிள்ளையோட பயம் நியாயம்தான். ஒரு வார்த்தை கேட்டிருந்தா அம்மா சரின்னிருப்பாங்க. மாட்டேன்னு சொல்லியிருந்தா பார்க்கக் கூடாது. 2017 எச்ஐவி சட்டம், 2018 செப்டம்பர்ல இருந்து நடைமுறையில இருக்கு: விளக்கிச் சொல்லி சம்மதம் வாங்கணும், டெஸ்டுக்கு முன்னும் பின்னும் கவுன்சலிங் கொடுக்கணும், முடிவை ரகசியமா வைக்கணும். ரத்த வங்கி, கோர்ட் உத்தரவுன்னு சில விலக்குதான் உண்டு. ஊசி குத்தினது அதுல வராது.

உண்மையிலேயே பாதுகாப்புதான் கவலைன்னா, அந்தப் பிள்ளையை உடனே ஆசாரிபள்ளம் மெடிக்கல் காலேஜுக்கு அனுப்பியிருக்கணும். எச்ஐவி தடுப்பு மருந்து தேவைன்னு டாக்டர் சொன்னா ரெண்டு மணி நேரத்துக்குள்ள தொடங்கறது நல்லது. 72 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது, 28 நாள் சாப்பிடணும். புதுசா தொற்று வந்த ஆளுக்கு டெஸ்ட் நெகட்டிவ்னே காட்டலாம்ங்கறது லேப் நடத்துறவருக்குத் தெரியாதா? அனுப்பவே இல்லை. காமாலை தடுப்பூசி போட்டிருக்கான்னு கேட்டேன், பிள்ளை தலையை ஆட்டுச்சு, இல்லைன்னு. 2016 மருத்துவக் கழிவு விதிப்படி அது முதலாளி போட வேண்டியது. பயன்படுத்தின ஊசியைப் போட வெள்ளை நிறத்துல, ஊசி துளைக்காத டப்பா இருக்கணும். அங்க இருந்தது பாதி வெட்டின தண்ணி பாட்டில்.

ஆக, ஸ்டாஃபுக்குச் செய்ய வேண்டிய செலவை மிச்சம் பிடிச்சு, டெஸ்ட் காசை எங்க தலையில கட்டியிருக்கார். சத்தம் போட்ட பிறகு அதைத் திருப்பிக் கொடுத்தார். கூடவே, "புகார் போனா அந்தப் பிள்ளையைத்தான் நிறுத்த வேண்டி வரும்"னும் சொன்னார்.

டாக்டர் சீட்டையும் பில்லையும் வச்சுப் பாருங்க. கூடுதல் டெஸ்ட் இருந்தா யார் எழுதினதுன்னு அங்கயே கேளுங்க. ரிப்போர்ட்டை வேற ஆள் கையில கொடுக்கக் கூடாதுன்னு முன்கூட்டியே சொல்லிடுங்க.

மாவட்ட நலப்பணிகள் இணை இயக்குநர் அலுவலகத்துக்குப் புகார் எழுதிட்டேன். சம்மதமில்லாத டெஸ்ட், பில், திறந்து கொடுத்த ரிப்போர்ட், இவ்வளவுதான் அதுல. ஊசி குத்தின விஷயத்தை அந்தப் பிள்ளையைக் கேட்காம எழுத மனசு வரலை. எச்ஐவி பத்திக் கேட்க இருக்கிற 1097 இலவச உதவி எண்ணை அதுகிட்ட எழுதிக் கொடுத்துட்டு வந்தேன். புகாருக்கு இதுவரை பதில் இல்லை.