4 வருடம், ஒரு ரீல், 7 மில்லிமீட்டர் பேரிங்

போன வாரம் குடியாத்தத்திலிருந்து நண்பன் போன் பண்ணினான். “நீ வச்சிக்கினு கீறியே அந்த ரீலு, விலை நல்லா இறங்கிக்கீது. வாங்கிடட்டுமா?” மோர்தானா அணையிலும் காவேரிப்பாக்கம் ஏரியிலும் விரால் பிடித்தே பழகிய கை அவனுக்கு. இப்போதுதான் எங்களோடு கடல் பக்கம் வர ஆசை வந்திருக்கிறது. என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. அன்று மதியம்தான் தூண்டில் நரம்பைச் சுற்றும் அதே ரீலை ரிப்பேர் முடித்து வாங்கி வந்திருந்தேன். 4 வருடத்தில் 3-வது ரிப்பேர். மூன்று தடவையும் ஒரே இடத்தில்தான் கோளாறு. சாயங்காலம் சொல்கிறேன் என்று போனை வைத்துவிட்டேன். அவனுக்குச் சொல்ல நினைத்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எடை, கியர், எத்தனை பேரிங் என்பதெல்லாம் தூண்டில் பிடிக்கிற எல்லாருக்கும் மனப்பாடம். 4000 சைஸ் ஸ்பின்னிங் ரீல். 30 பவுண்டு பிரெய்டு என்கிற பின்னல் நரம்பு, அதன் முன்னால் 50 பவுண்டு லீடர் என்கிற தடித்த முனை நரம்பு. அது போதும். என் கதை முழுக்க, நரம்பைப் பிடித்துச் சுற்றும் பெயில் கம்பியின் ஓரத்தில் இருக்கும் லைன் ரோலரைப் பற்றியது. சுண்டுவிரல் நகம் அளவு உருளை. நாம் சுற்றும்போது நரம்பு அதன் மேல் ஏறி வளைந்துதான், அதைச் சுற்றி வைக்கும் ஸ்பூலுக்குப் போகும். அந்த உருளைக்குள் 7 மில்லிமீட்டர் விட்டத்தில் ஒரு பேரிங். அதுதான் 4 வருடமாக என் தூக்கத்தைக் கெடுத்தது.

நாங்கள் போவது பரங்கிப்பேட்டைக்கு. மேல்விஷாரத்தில் ராத்திரி 11 மணிக்குக் காரை எடுத்தால் ஆரணி, சேத்துப்பட்டு, செஞ்சி, விழுப்புரம், கடலூர் என்று ஏறக்குறைய 200 கிலோமீட்டர். வெள்ளாறு கடலில் கலக்கும் இடம் அது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் அங்கேதான் இருக்கிறது. அவர்கள் ஆற்றங்கரையில் நட்டு வளர்த்த அலையாத்தி மரங்கள் இன்று காடாக நிற்கின்றன. தெற்கே கிள்ளை, பிச்சாவரம். காப்புக்காட்டு எல்லைக்குள் நாங்கள் போவதில்லை. வெளியே இருக்கும் கால்வாய்களே எங்களுக்குப் போதும். ஒரு சின்ன ஃபைபர் போட். மூன்று பேர் உட்காரலாம், நான்காவது ஆள் ஏறினால் ஆட்டம் கொடுக்கும். போட் ஓட்டும் அண்ணன் கால்வாய் வாய்க்கு நூறடி முன்னாலேயே இஞ்சினை அணைத்துவிட்டுக் கழியை ஊன்றித் தள்ளிக்கொண்டு போவார். அதற்கப்புறம் தண்ணீர் சத்தம் மட்டும்தான்.

நம் கரையில் ஓதம் பெரிதாக ஏறி இறங்காது. அமாவாசை, பௌர்ணமிக்கே ஒரு மீட்டர் அளவுதான். காம்பே வளைகுடாவில் 10 மீட்டர் ஏறி இறங்குகிற தண்ணீரோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமே இல்லை. ஆனால் அலையாத்திக் காட்டுக்கு அந்த ஒரு மீட்டர் போதும். தண்ணீர் ஏறும்போது இறாலும் மடவைக் குஞ்சும் சுரபுன்னை வேர்களுக்கு நடுவே போய்ப் பதுங்கிக்கொள்ளும். வற்றும்போது அத்தனையும் சின்னக் கால்வாய் வழியாக வெளியே வந்தாக வேண்டும். அந்த வாயில்தான் கொடுவா காத்துக் கிடக்கும். முதல் வருடம் நான் லீவு கிடைத்த நாளெல்லாம் ஓடினேன், வெறுங்கையோடு திரும்பினேன். அண்ணன்தான் சொன்னார்: “அட்டமி நவமியில வராதீங்க தம்பி. தண்ணி ஓடாது, மீனும் ஓடாது.” எங்கள் வீட்டில் நல்ல காரியத்துக்குத் தள்ளிவைக்கிற அதே நாட்கள்தான். அரை நிலா நாளில் ஓதம் சோர்ந்து கிடக்கும் என்று படித்தபிறகு அவர் சொன்னதன் கணக்கு புரிந்தது. ஒவ்வொரு நாளும் ஓதம் 50 நிமிடம் தள்ளிப் போகும் என்பதும் அவருக்குக் கைப்பாடம். காலண்டரில் திதி பார்த்துவிட்டு நேரத்தைச் சொல்லிவிடுவார்.

இனி ரீலின் நல்ல குணத்தைச் சொல்லிவிடுகிறேன். சொல்லாமல் விட்டால் அநியாயம்.

மாசி அமாவாசைக்கு மறுநாள். காலை பத்து மணிக்கு மேல் தண்ணீர் வற்றத் தொடங்கியது. வேர்களில் ஈரக்கோடு தெரிய ஆரம்பித்த நேரம். இறால் மாதிரி இருக்கும் ரப்பர் லூரைக் கால்வாய் வாய்க்கு மேல்பக்கம் போட்டு, ஓட்டத்தோடு வரவிட்டேன். ஒரே தட்டு. அடுத்த நொடி ராடு வளைந்து முனை தண்ணீரைத் தொட்டது. கொடுவா முதலில் வேருக்குத்தான் ஓடும். அங்கே போய்விட்டால் சுரபுன்னை வேரில் ஒட்டியிருக்கும் சிப்பி நரம்பை அறுத்துவிடும். மீன் இழுக்கும்போது நரம்பை அளவாக விட்டுக்கொடுக்கும் பிரேக்தான் டிராக். அந்த முதல் ஓட்டத்தில்தான் அது எப்படிப்பட்டது என்று தெரியும். மலிவு ரீல்களில் டிராக் முதலில் பிடித்துக்கொள்ளும், பிறகு படக்கென்று விடும். அந்தப் படக்கில் லீடர் போய்விடும். இந்த ரீல் 4 வருடத்தில் ஒருமுறைகூடத் திக்கியதில்லை. நரம்பு ஒரே சீராகப் போகும், ஒரே சீராக நிற்கும். விரலால் ஸ்பூல் விளிம்பைத் தொட்டுப் பார்த்தேன், ஒரு நடுக்கம் இல்லை. மீன் இரண்டு தடவை தண்ணீருக்கு மேலே வந்து தலையை உதறியது. செவுள் மூடியின் விளிம்பு கத்தி மாதிரி இருக்கும். 50 பவுண்டு லீடர் அதற்குத்தான். பக்கத்தில் வந்தபோது முழங்கையிலிருந்து விரல் நுனிவரை இரண்டு தடவை வைத்தாலும் அடங்காத நீளம்.

அதைத் திரும்ப விட்டேன். கொடுவா ஆணாக வளர்ந்து பிறகு பெண்ணாக மாறும் மீன். அந்த அளவு வளர்ந்தது பெரும்பாலும் முட்டையிடும் பெண்ணாகத்தான் இருக்கும். அண்ணன் ஒன்றும் பேசவில்லை. அந்த மீன் மார்க்கெட்டில் என்ன விலை போகும் என்று அவருக்குத் தெரியும், எனக்கும் தெரியும். “உங்க மீனு, உங்க இஷ்டம்” என்றார் கடைசியில். அன்றைக்குப் படகு வாடகையை கொஞ்சம் கூட்டிக் கொடுத்தேன்.

ஆனால் அந்த மீன் என் பக்கம் வந்துகொண்டிருந்த ஒவ்வொரு சுற்றுக்கும் லைன் ரோலர் கீச் கீச்சென்று கத்தியது. உருளை உருளவில்லை. நின்ற இடத்திலேயே நின்றது, அதன் மேல் நரம்பு உரசிக்கொண்டு வந்தது. மீனை விட்டபிறகு கடைசி பத்து மீட்டர் பிரெய்டை விரலால் தடவினேன். பஞ்சு பிரிந்த மாதிரி இருந்தது. இன்னும் ஒரு ஓட்டம் ஓடியிருந்தால் வாயில் கொக்கியோடு அந்த மீன் போயிருக்கும். நல்ல மீன் வந்த நாளை நான் நினைத்துப் பார்க்கும்போது அந்தக் கீச்சுச் சத்தமும் கூடவே வருகிறது. இதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

ஏன் இந்த ஒரு இடம் மட்டும் போகிறது? பிரெய்டு என்பது பின்னிய கயிறு. இழைகளுக்கு நடுவில் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு வரும். சுற்றும்போது அது வளைந்து பிழியப்படுகிற இடம் லைன் ரோலர். கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. ஒரு நாளைக்கு முந்நூறு தடவை வீசினால் முந்நூறு தடவையும் அந்த உப்புத் தண்ணீரை இந்தச் சின்னப் பேரிங்தான் குடிக்கிறது. ரீலின் மற்ற பாகங்களுக்கு ரப்பர் வளையம் போட்டவர்கள் இங்கே ஒன்றும் போடவில்லை. பெட்டியின் மேல் மட்டும் கடல் நீருக்கு ஏற்றது என்று பெரிதாக அச்சடித்திருக்கிறார்கள்.

முதல் தடவை சர்வீஸுக்கு அனுப்பினேன். 40 நாள் கழித்து வந்தது. “பராமரிப்புக் குறைவு, வாரண்டி பொருந்தாது” என்று ஒரு சீட்டு. பேரிங் மட்டும் தனியாகக் கிடையாதாம், கம்பியோடு சேர்த்து முழு பாகத்தையும் வாங்க வேண்டுமாம். ரீல் விலையில் ஆறில் ஒரு பங்கு. வாங்கிப் போட்டேன். அடுத்த வருடம் மறுபடி கீச். மறுபடி அதே பதில்.

அந்தச் சீட்டைப் படித்த நாள் எனக்கு வந்த கோபம் இன்னும் தணியவில்லை. ஒவ்வொரு தடவை வீடு திரும்பியதும், சாப்பிடக்கூட உட்காராமல், முதல் வேலையாக டிராக்கை இறுக்கி, குழாய்த் தண்ணீரை மெல்லத் தூவிக் கழுவுவேன். வேகமாக அடித்தால் உப்பு உள்ளே போய்விடும் என்று பார்த்துப் பார்த்துச் செய்வேன். துடைத்து, நிழலில் காயவைத்து, டிராக்கைத் தளர்த்தி, ரோலரில் ஒரு சொட்டு எண்ணெய். இதைச் செய்கிறவனைப் பார்த்துப் பராமரிப்புக் குறைவு என்றால் எப்படித் தாங்குவது?

மூன்றாவது தடவை வேலூர் லாங் பஜார் பக்கம் கடிகாரம் ரிப்பேர் பார்க்கும் பாயிடம் கொண்டுபோனேன். ரீல் என்பதை அவர் கையில் எடுத்துப் பார்த்தது அன்றைக்குத்தான் முதல் தடவை. ஸ்க்ரூவில் கம்பெனி பசை போட்டு இறுக்கியிருந்தது. சால்டரிங் அயர்னின் முனையை அதன் தலையில் வைத்துச் சூடு காட்டினார், பசை இளகிச் சுழன்று வந்தது. கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு பேரிங்கை ஒரு ஸ்டீல் மூடியில் பெட்ரோல் ஊற்றிப் போட்டார். ஊசி முனையால் ஓரத்தைச் சுரண்டினார். முதலில் செம்பொடி விழுந்தது. அதற்கடியில் சுண்ணாம்பு மாதிரி வெள்ளையாக ஒரு பட்டை.

“தம்பி, இது ரெண்டும் வேற வேற. செவப்பு துரு. வெள்ளை இன்னான்னு தெரிதா? உங்கூட்டு ஹீட்டர் கம்பில கட்டிக்கினு இருக்குமே, அதான்.”

பக்கத்து டீக்கடையிலிருந்து அரை எலுமிச்சம்பழம் வாங்கிவரச் சொல்லி ஒரு சொட்டு பிழிந்தார். வெள்ளைப் பட்டை நுரைத்தது. கடல் உப்பு நுரைக்காது. அது எங்கள் வீட்டு போர் தண்ணீரில் இருக்கும் சுண்ணாம்பு.

அதை நாங்களே உப்புத் தண்ணி என்றுதான் கூப்பிடுகிறோம். குடிப்பதற்கு நல்ல தண்ணி கேன், மற்றதற்கெல்லாம் உப்புத் தண்ணி. ஆம்பூரிலிருந்து இராணிப்பேட்டைவரை பாலாற்றங்கரை முழுக்கத் தோல் பதனிடும் ஊர்கள். பச்சைத்தோல் கெடாமல் இருக்க உப்புப் போட்டுத்தான் வைப்பார்கள். ஊறவைக்கும்போது அந்த உப்பெல்லாம் தண்ணீரில் இறங்கும். அப்படி நிலத்துக்குள் போனதைப் பற்றிய வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போய் 1996-ல் தீர்ப்பும் வந்தது. இதெல்லாம் எனக்குப் பள்ளிக்கூட நாளிலிருந்தே தெரியும். பல் துலக்கும்போது தெரியும், பருப்பு வேகாதபோது தெரியும். ரீலைக் கழுவும்போது மட்டும் அது நினைவுக்கு வரவே இல்லை. கடல் உப்பைப் போக்க எங்கள் ஊர் உப்பையும் சுண்ணாம்பையும் ஊற்றிக்கொண்டு இருந்திருக்கிறேன். அதுவும் உடனே இல்லை. பரங்கிப்பேட்டையில் மதியம் கிளம்பி வீடு சேர சாயங்காலம் ஆகும். அத்தனை நேரமும் டிக்கியின் வெக்கையில் உப்பு காய்ந்து இறுகிவிடும். அங்கே கரையில் இருப்பவர்கள் இறங்கியதும் கழுவிவிடுகிறார்கள். பேரிங்கில் செம்பொடி கம்மியாகவும் வெள்ளை அதிகமாகவும் இருந்ததை என் கண்ணாலேயே பார்த்தேன்.

அதே அளவு ஸ்டெயின்லெஸ் பேரிங்கை நான் முன்பே ஆன்லைனில் வாங்கி வைத்திருந்தேன். ஆம்பூரில் ஒரு பிளேட் பிரியாணிக்குக் கொடுக்கும் காசுதான் அதன் விலை. பாய் எண்ணெய்க்குப் பதிலாக கெட்டி கிரீஸை அடைத்துப் பூட்டினார். ஸ்க்ரூவுக்குப் பசை போடவில்லை. “அடுத்த வாட்டி நீயே கழட்டு” என்றார். விரலால் உருளையைச் சுண்டினேன். சத்தமே இல்லாமல் சுற்றியது.

சாயங்காலம் நண்பனுக்குப் போன் பண்ணி வாங்காதே என்றேன். டிராக்கைப் பற்றிச் சொன்னேன், கொடுவாவைப் பற்றிச் சொன்னேன், பாதித் தப்பு நம் ஊர்த் தண்ணீருடையது என்பதையும் சொன்னேன். அப்படியும் வாங்காதே. கடலுக்கென்று ஒரு பொருளைச் செய்து, அதில் முதலில் போகிற ஒரே பாகத்தைப் பசை போட்டு ஒட்டி, அதைத் தனியாக விற்கவும் மாட்டேன், ஆனால் குறை உன்னுடையது என்று சீட்டு எழுதுகிறவர்களுக்கு நம் காசு போகக்கூடாது. விலை பாதியாக இறங்கினாலும் என் பேச்சு இதுதான்.

“அப்ப உன்னுத வித்துடுவியா?”

“மாட்டேன்.”

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. பௌர்ணமிக்கு அவன் வருகிறான். தண்ணீர் வற்ற ஆரம்பிக்கும் முதல் ஒரு மணி நேரம் என் ரீலை அவன் கையில் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறேன். ராடு அவனே கொண்டுவரட்டும். கூடவே 5 லிட்டர் நல்ல தண்ணி கேன் இரண்டு.