டைமிங் பெல்ட் போட்டால் முதலில் கையால் சுற்றிக் காட்டச் சொல்லுங்கள்

அப்பாவின் 1996 மாடல் மாருதி 800-ஐ வீட்டு போர்ட்டிகோவிலேயே இன்ஜின் பிரித்து வேலை பார்த்தேன். ரிங், பேரிங், ஹெட் கேஸ்கட் எல்லாம் நானே மாற்றினேன். கேம் ஷாஃப்ட் (வால்வுகளைத் திறந்து மூடும் தண்டு) டைமிங் வைக்க மட்டும் பயம். அதற்காகச் சேலத்தில் பலரும் சொன்ன ஒரு மெக்கானிக்கை வரவழைத்தேன். அந்தப் பயத்துக்கு 4,200 ரூபாயும் இரண்டு மாதமும் போயின.

பிஸ்டன்கள் சுற்றும் கிராங்க் தண்டையும் கேம் தண்டையும் இணைப்பதுதான் டைமிங் பெல்ட். அரை மணி நேரத்தில் அதை மாட்டிவிட்டார். கிராங்க் பல்சக்கரப் புள்ளியும் கேம் பல்சக்கரப் புள்ளியும் அதனதன் குறிக்கு நேராக நின்றதை நானும் பார்த்தேன். "ஒருவாட்டி கையால சுத்திப் பார்த்துடலாமாண்ணே?" என்று கேட்டேன். "அதான் மார்க் கரெக்டா நிக்குதே தம்பி, செல்ஃப் அடிங்க" என்றார். ஸ்டார்ட் ஆனது, ஆனால் ஐடிலில் திணறியது. பிளக்குகளுக்குப் பொறியைப் பங்கிட்டு அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரைத் தளர்த்தித் திருப்பினார். சத்தம் ஓரளவு சீரானது. 1,800 ரூபாய் வாங்கிக்கொண்டு கிளம்பினார்.

ஏற்காடு ஏற்றத்தில் நான் ஒருவன் மட்டும்தான் இருந்தேன். அப்படியும் வண்டி முதல் கியரை விட்டு வர மறுத்தது. போன் செய்தால், கார்புரேட்டர் கோளாறு என்றார். கிட், சர்வீஸ் எல்லாம் சேர்த்து 2,400. ஒரு மாற்றமும் இல்லை. மறுபடி கூப்பிட்டதற்கு "பழைய வண்டி, இவ்வளவுதான் இழுக்கும்" என்றார். அதன் பிறகு போனையே எடுக்கவில்லை.

ஒரு நாள் பிளக் கழற்றும்போதுதான் அது கண்ணில் பட்டது. டிஸ்ட்ரிபியூட்டர் போல்ட், அது நகரும் நீள ஓட்டையின் கடைசி முனையில் முட்டிக்கொண்டு நின்றது. இந்த இன்ஜினில் டிஸ்ட்ரிபியூட்டரைச் சுற்றுவதே கேம் ஷாஃப்ட்தான். கேம் தாமதமானால் பொறியும் தாமதமாகும். அவர் பொறியை மட்டும் திருப்பி முன்னுக்கு இழுத்து வைத்திருக்கிறார். வால்வுகள் தாமதமாகவே திறந்து மூடிக்கொண்டிருந்தன. கோளாறு பெல்ட்டில் என்று அவருக்கு முதல் நாளே தெரிந்திருக்க வேண்டும். தெரிந்தே கார்புரேட்டருக்குக் காசு வாங்கினார் என்பதுதான் என் வயிற்றெரிச்சல்.

முன் கவரைக் கழற்றி, பிளக்குகளையும் எடுத்துவிட்டு, பாக்ஸ் ஸ்பேனர் போட்டு இன்ஜின் ஓடும் திசையிலேயே கிராங்க்கை இரண்டு முழுச் சுற்று சுற்றினேன். கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால்தான் கேம் ஒரு சுற்று முடிக்கும். கிராங்க் புள்ளி நேராக வந்து நின்றது. கேம் புள்ளி ஒரு பல் பின்னால் நின்றது.

காரணம் இதுதான். டென்ஷனர் (பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் உருளை) இல்லாத பக்கம் பெல்ட் விறைப்பாக இருக்க வேண்டும். அவர் அந்தப் பக்கம் தொய்வு விட்டு மாட்டியிருக்கிறார். நிற்கும்போது குறி சரியாகத்தான் தெரியும். சுற்றத் தொடங்கியதும் கிராங்க் முதலில் அந்தத் தொய்வை இழுத்துக்கொள்ள, கேம் பின்தங்கிவிடும். ஒரு பல்தானே என்று நினைக்க வேண்டாம். கிராங்க் சக்கரத்தில் 20 பல் இருந்தால் ஒரு பல் என்பது 18 டிகிரி. இன்டேக் வால்வு அவ்வளவு தாமதமாக மூடினால், மெதுவாக ஓடும்போது உள்ளே வந்த பெட்ரோல்-காற்றுக் கலவையில் ஒரு பங்கு வந்த வழியே வெளியேறும். அப்புறம் ஏற்றத்தில் இழுவை எங்கிருந்து வரும்?

பெல்ட்டைக் கழற்றி, தொய்வு முழுவதையும் டென்ஷனர் பக்கம் தள்ளி மாட்டினேன். மறுபடி இரண்டு சுற்று, மறுபடி குறி. பொறி விழும் நேரத்தைக் காட்டும் டைமிங் லைட் வைத்துப் பொறியையும் சரிசெய்தேன். அடுத்த ஞாயிறு அதே ஏற்றத்தில் இரண்டாம் கியரில் போனது.

யாரைக் கூப்பிட்டாலும், கவர் மூடும் முன் உங்கள் கண்ணெதிரில் இரண்டு சுற்று கையால் சுற்றச் சொல்லுங்கள். மறுத்தால் சாவியைக் கொடுக்காதீர்கள். நடுவில் எங்காவது இடித்து நின்றால் பலம் போட்டுத் தள்ளவும் கூடாது. டீசல் இன்ஜினில் பிஸ்டனுக்கும் வால்வுக்கும் இடைவெளி மிகக் குறைவு. அங்கே டைமிங் தவறி செல்ஃப் அடித்தால் வால்வே வளைந்துவிடும்.