நார்ட்டன் அமெரிக்க இலக்கியத் தொகுப்பு: ஐந்து தொகுதிகளில் எதை வாங்குவது?

முதுகலை ஆங்கிலம் படிக்கிறவர்களும் நெட், டிஆர்பி தேர்வுக்குத் தயாராகிறவர்களும் அமெரிக்க இலக்கியத்தின் காலகட்டங்களை பெரும்பாலும் கைடு வைத்துத்தான் படிக்கிறார்கள். பியூரிட்டன் காலம், அறிவொளிக் காலம், ரொமாண்டிசிசம், ரியலிசம் (வாழ்க்கையை உள்ளபடி காட்டும் எழுத்து), நேச்சுரலிசம், மாடர்னிசம் என்று ஆண்டுகளோடு ஒப்பிக்க அது போதும். கேள்வியைக் கொஞ்சம் திருப்பிப் போட்டுக் கேட்டால் போதாது. மூலப் படைப்புகளும் அவற்றின் வரலாற்றுப் பின்னணியும் சேர்ந்து கிடைக்கிற புத்தகம் வேண்டும் என்றால், முதலில் பார்க்க வேண்டியது நார்ட்டன் ஆந்தாலஜி ஆஃப் அமெரிக்கன் லிட்டரேச்சர்.

முதல் பதிப்பு 1979-ல் வந்தது. 2022-ல் பத்தாம் பதிப்பு வந்துவிட்டதால், ராபர்ட் எஸ். லெவின் பொதுப் பதிப்பாசிரியராக இருந்து 2017 என்ற ஆண்டுடன் வெளிவந்த ஒன்பதாம் பதிப்பைப் பழைய பிரதியாக வாங்க வாய்ப்பு அதிகம். இந்த மதிப்பீடு அந்த ஒன்பதாம் பதிப்பை வைத்து எழுதியது.

மொத்தம் ஐந்து தொகுதிகள். ஏ தொகுதி தொடக்கம் முதல் 1820 வரை. பி 1820 முதல் 1865. சி 1865 முதல் 1914. டி 1914 முதல் 1945. இ 1945-க்குப் பிறகு. ஏ, பி இரண்டும் ஒரு கட்டாகவும், சி, டி, இ மூன்றும் இன்னொரு கட்டாகவும் விற்கப்படுகின்றன. தனித்தனியாகவும் வாங்கலாம்.

பாடத்திட்டம் இயக்கங்களின் பெயரால் பிரிக்கிறது, நார்ட்டன் ஆண்டுகளால் பிரிக்கிறது. புதிதாக வாங்குகிறவர்கள் குழம்புவது இந்த இடத்தில்தான். 'ரியலிசம்' என்று எந்தத் தொகுதியின் அட்டையிலும் இருக்காது. பியூரிட்டன்களும் அறிவொளிக் காலமும் ஏ-யில், ரொமாண்டிசிசமும் எமர்சன் வட்டாரமும் பி-யில், ரியலிசமும் நேச்சுரலிசமும் வட்டார எழுத்தும் சி-யில், மாடர்னிசமும் ஹார்லெம் மறுமலர்ச்சி என்ற நியூயார்க் கறுப்பின எழுத்தாளர்களின் இயக்கமும் டி-யில், பீட் கவிஞர்கள் தொடங்கிப் பின்நவீனத்துவம்வரை இ-யில் என்று முதல் பக்கத்திலேயே பென்சிலால் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

ஆண்டால் பிரிப்பதில் ஒரு நேர்மை இருக்கிறது. ரெபெக்கா ஹார்டிங் டேவிஸ் இரும்பாலைத் தொழிலாளர் வாழ்க்கையை எழுதிய கதை 1861-ல் வந்தது. உள்நாட்டுப் போருக்குப் பிறகுதான் ரியலிசம் பிறந்தது என்று கைடு சொல்லும். அந்தக் கதையோ பி தொகுதியில், ஹாதார்னுக்கும் மெல்விலுக்கும் பக்கத்தில் இருக்கிறது. அதைப் படித்துவிட்டு சி-க்குப் போகிற மாணவர், 1865-ல் இலக்கியம் சட்டென்று மாறிவிட்டது என்று எழுத மாட்டார். தொகுப்பும் தன் கோட்டைக் கண்டிப்பாகப் பிடித்துக்கொண்டிருக்கவில்லை. 1819-ல் வந்த இர்விங்கின் ரிப் வான் விங்கிள் பி-யில்தான் இருக்கிறது. விட்மனும் டிக்கின்சனும் பி, சி இரண்டிலும் இடம்பெறுகிறார்கள். இரண்டு தொகுதிகளையும் வாங்குகிறவருக்கு அந்தப் பக்கங்கள் இரட்டிப்பு என்பது உண்மை. சி மட்டும் வாங்குகிறவருக்கு அது பெரிய உதவி.

என் பார்வையில் இந்தத் தொகுப்பின் மிகப் பயனுள்ள அம்சம், ஒவ்வொரு படைப்பும் முடிகிற இடத்தில் சின்ன எழுத்தில் இருக்கிற ஆண்டுகள். இடப்பக்கம் இருப்பது எழுதிய ஆண்டு, தெரிந்தால் மட்டும் போடுகிறார்கள். வலப்பக்கம் இருப்பது வெளியான ஆண்டு. பலர் இதைப் பார்ப்பதே இல்லை. காலகட்டம் என்ற விஷயமே அங்கேதான் உயிரோடு இருக்கிறது. வில்லியம் பிராட்ஃபோர்ட் பிளிமத் குடியேற்றத்தின் வரலாற்றை 1630-ல் எழுதத் தொடங்கினார். முழுதாக அச்சேறியது 1856-ல். எட்வர்ட் டெய்லரின் கவிதைகள் 1939 வரை நூலாக வரவில்லை. ஆகவே, எமர்சன் டெய்லரைப் படித்திருக்க வாய்ப்பே இல்லை. மெல்வில் 1891-ல் இறந்தார். அவர் விட்டுப்போன பில்லி பட் 1924-ல்தான் வெளிவந்தது. ஓ நீலின் லாங் டேஸ் ஜர்னி இன்டு நைட் 1941-ல் எழுதி முடிக்கப்பட்டு 1956-ல் வெளியானது. டி தொகுதியில் இருந்தாலும் அதன் முதல் பார்வையாளர்கள் இ தொகுதியின் காலத்தவர்கள். யாருடைய தாக்கம் யார்மேல் என்று கட்டுரை எழுதும்போது இந்த இரண்டு ஆண்டுகளையும் பார்க்காவிட்டால் தவறு நிச்சயம்.

டிக்கின்சன் பகுதியில் இன்னொரு சிக்கல் உண்டு. அவர் கவிதைகளுக்குத் தலைப்பு கிடையாது, எண்தான் அடையாளம். 1955-ல் தாமஸ் ஜான்சன் போட்ட எண் ஒன்று, 1998-ல் ஆர். டபிள்யூ. ஃபிராங்க்ளின் போட்ட எண் வேறு. நார்ட்டன் ஃபிராங்க்ளின் எண்ணை முதலில் போட்டு, ஜான்சன் எண்ணை அடைப்புக்குறிக்குள் தருகிறது. மரணம் வண்டியை நிறுத்தி ஏற்றிக்கொண்டு போகிற அந்தப் புகழ்பெற்ற கவிதை ஃபிராங்க்ளினில் 479, ஜான்சனில் 712. பழைய உரைநூல்களில் ஜான்சன் எண்தான் இருக்கும். எண் பொருந்தவில்லை என்றால் கவிதையே இல்லை என்று முடிவுகட்டாமல் முதல் வரியை வைத்துத் தேடுங்கள்.

ஏ தொகுதியில் ஜெஃபர்சனின் சுதந்திரப் பிரகடனம் வருகிற பக்கங்களை நிதானமாகப் படிக்க வேண்டும். ஜெஃபர்சன் தன் சுயசரிதையில் தந்த வடிவம் அது. காங்கிரஸ் என்ற அமெரிக்கக் குடியேற்றங்களின் பிரதிநிதிகள் சபை வெட்டிய பகுதிகள் அடிக்கோடிட்டும், சேர்த்த சொற்கள் ஓரத்திலும் இருக்கின்றன. அடிமை வணிகத்தைக் கண்டித்த பத்தி முழுதாக வெட்டப்பட்டது அங்கே கண்ணெதிரே தெரியும். அதே தொகுதியில், அடிமைகளாக வாழ்ந்த ஃபிலிஸ் வீட்லி, ஒலாடா எக்வியானோ இருவரின் எழுத்தும் உண்டு. மூன்றையும் அடுத்தடுத்துப் படித்தால் அறிவொளிக் காலத்துக்குத் தனி விளக்கவுரை தேவைப்படாது.

முழுமையாக இருக்கிற நெடும்படைப்புகள்தான் விலைக்கு நியாயம் செய்கின்றன. ஹாதார்னின் ஸ்கார்லெட் லெட்டர், ஃபிரடெரிக் டக்ளஸின் 1845 சுயசரிதை, ட்வைனின் ஹக்கிள்பெரி ஃபின், கேட் ஷோபினின் அவேக்கனிங், ஃபாக்னரின் ஆஸ் ஐ லே டையிங், டென்னசி வில்லியம்ஸின் ஸ்ட்ரீட்கார், மில்லரின் டெத் ஆஃப் எ சேல்ஸ்மன் எல்லாம் முழுதாக உண்டு. எலியட்டின் வேஸ்ட் லேண்டும் முழுமை. அதில் எலியட்டே எழுதிய குறிப்புகளைத் தனியாக அடையாளமிட்டு அடிக்குறிப்பில் சேர்த்திருப்பதால், கவிஞர் சொன்னது எது, பதிப்பாசிரியர் சொன்னது எது என்று குழப்பம் வராது.

நாவலில்தான் பெரிய ஓட்டை. மோபி டிக்கிலிருந்து சில அத்தியாயங்கள்தான் கிடைக்கும். டோனி மாரிசன் என்றால் ரெசிட்டாடிஃப் சிறுகதை மட்டும். அமெரிக்க நாவலை இந்தத் தொகுப்பை மட்டும் நம்பிப் படிக்க முடியாது. மோபி டிக், கிரேட் கேட்ஸ்பி, எலிசனின் இன்விசிபிள் மேன், மாரிசனின் பிலவ்ட் நான்கையும் தனியாக வாங்கியே ஆக வேண்டும்.

சுருக்கப் பதிப்பு ஒன்றும் உண்டு. ஒரே நூலாகவும், 1865-ஐ நடுக்கோடாக வைத்து இரண்டு நூல்களாகவும் கிடைக்கிறது. தேர்வுக்கு மட்டும் என்றால் அது போதும். வாங்குமுன் உங்கள் பாடத்திட்டத்தில் இருக்கிற படைப்புகள் உள்ளடக்கப் பட்டியலில் இருக்கின்றனவா என்று ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள். தோரோவின் வால்டன் இருந்தால் எந்தெந்த அத்தியாயங்கள் என்றும் பாருங்கள். குளிர்காலக் குளத்தைப் பற்றிய அத்தியாயத்தில், அந்தக் குளத்துப் பனிக்கட்டி கப்பலேறி மெட்ராஸ் மக்களின் தாகத்தையும் தணிக்கும் என்று தோரோ எழுதுகிறார். 1842-ல் அமெரிக்கப் பனிக்கட்டி வணிகர் ஃபிரடெரிக் டியூடர் கட்டிய ஐஸ் ஹவுஸ் கட்டடம் சென்னைக் கடற்கரை எதிரே, விவேகானந்தர் இல்லமாக இன்றும் நிற்கிறது. தமிழ் மாணவர்கள் தவறவிடக்கூடாத அத்தியாயம் அது.

தாள் மிக மெல்லியது. ஹைலைட்டர் போட்டால் மறுபக்கம் ஊறும், ஜெல் பேனாவும் அப்படித்தான். மென்மையான பென்சில் மட்டும் பயன்படுத்துங்கள். புதுப் பிரதியை நேராக நடுவில் விரித்தால் முதுகு வெடித்து, பிறகு பக்கங்கள் கொத்தாகக் கழன்று வரும். மேசையில் முதுகை நிறுத்தி, முன்னும் பின்னும் மாறி மாறிச் சில தாள்களாகப் பிரித்து அழுத்திக்கொண்டு நடுப்பக்கத்துக்கு வாருங்கள்.

பழைய பிரதி என்றால் முதுகில் தொகுதி எழுத்தையும், தலைப்புப் பக்கத்தில் பதிப்பு எண்ணையும் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். வேறு வேறு பதிப்புகளைக் கலந்து ஒரே செட் என்று கொடுத்தால் பக்க எண்ணும் படைப்புகளும் ஒத்துப்போகாது. கடைசியில் இருக்கிற நூற்பட்டியலும் அகரவரிசைச் சுட்டியும் கிழியாமல் இருக்கின்றனவா என்றும் புரட்டிப் பாருங்கள். ஒரே ஒரு தொகுதிக்குத்தான் காசு இருக்கிறது என்றால் பி வாங்குங்கள்.